வால் பக்கத்து ஆள்

தம்பியின் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டு அம்மா போன் போட்டபோது நான் ஒரு பாம்பின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நைட்டிப் பைக்குள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. என் கைகள் இரண்டும் பாம்புக்கு அடியில் இருந்தன. முப்பது கிலோவுக்கு மேல் கனம். பின்பாதி என் பொறுப்பு. தலைப்பக்கம் என் வீட்டுக்காரர்.

"எடுக்காத. மொதல்ல தொட்டிக்குள்ள எறக்குவோம்," என்றார்.

"எதுல எடுக்கறது மாமா? எனக்கென்ன மூணு கையா இருக்குது?"

பாம்பைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்கி மூடியின் நாலு கொண்டியையும் போட்டோம். நாலையும் நான் இழுத்துப் பார்த்தேன். கூண்டைத் துடைத்து, தண்ணீர்ச் சட்டியைக் கழுவி, பாம்பைத் திரும்பத் தூக்கி உள்ளே விட்டு, பூட்டைப் போட்டு, பூட்டையும் இழுத்துப் பார்த்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி நான் போனைக் கையில் எடுத்தபோது ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. டெக்சாஸில் காலை பதினோரு மணி. ஊரில் அம்மா படுத்துவிட்டாள். தம்பிதான் எடுத்தான்.

"ஆவணில முகூர்த்தம்க்கா. இணைச்சீருக்கு நீதான் வந்து நிக்கோணும். இப்பவே லீவு கீவு பாத்துக்க."

"எனக்கென்னடா லீவு? நான் என்ன ஆபீசுக்கா போறேன்? வர்றேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. நான் போனால் வாலை யார் பிடிப்பது?

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்கிற சீர் ஒன்று உண்டு. அதுதான் இணைச்சீர். கூறைச்சேலையைக் கொசுவி ஒரு முனையை அவள் கையிலும் இன்னொரு முனையை மாப்பிள்ளை கையிலும் கொடுப்பார்கள். அது முடிந்தால்தான் மற்றது. கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்கலாம். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பெரியப்பா மகள். அவளும் என் அம்மாவும் முகம் பார்த்துப் பேசிப் பத்து வருஷம் ஆகிறது. நான் போகாவிட்டால் அம்மா அவள் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட வேண்டும். அம்மா போய்விடுவாள், மகனுக்காக. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பாம்பு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது டல்லாஸ் பக்கம் ஒரு பெரிய ஹாலில் பாம்பு, பல்லி, ஆமையெல்லாம் வைத்து விற்கிற சந்தை போட்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு டப்பாவுக்குள் என் கட்டைவிரல் தடிமனில் மஞ்சளும் கறுப்புமாகச் சங்கிலி போட்ட மாதிரி ஒரு குட்டி. மலைப்பாம்பு இனம், விஷம் கிடையாது என்றாள் மகள். எவ்வளவு வளரும் என்று கேட்டேன்.

"இட் டிபெண்ட்ஸ், அம்மா."

எதைப் பொறுத்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டிவிட்டார். பெர்மிட் வாங்கியபோதே இது சின்னப் பாம்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். படித்த மனுஷர். என்னைப் போல ஒன்பதாவதோடு நின்றவர் இல்லை.

நாலு வருஷத்தில் அது பதினாலு அடி ஆனது. மகள் ஆறு மணி நேரம் காரில் போகிற தூரத்தில் ஒரு காலேஜில் சேர்ந்தாள். அங்கே ஹாஸ்டலில் ஒரு வெள்ளெலி வைத்துக்கொள்ளக்கூட விட மாட்டார்களாம். "ஜஸ்ட் டில் தேங்ஸ்கிவிங், அம்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். நவம்பரில் வருகிற அந்தப் பண்டிகை இரண்டு தடவை வந்து போய்விட்டது. பாம்புக்கு அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொன்னால் அது நம் வீட்டுப் பிள்ளை என்று ஆகிவிடுமோ என்று பயம்.

போவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தாள். என்னை உட்காரவைத்து விதிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் இன்றைக்கும் பாம்பு ரூம் கதவில் ஒட்டியிருக்கிறது. தனியாக ஒருவர் தூக்கக் கூடாது; தலைப்பக்கம் ஒரு ஆள், வால் பக்கம் ஒரு ஆள். கழுத்தில் போடக் கூடாது. தீனி போட்டு ஒரு வாரம் தொடக் கூடாது. கண் பால் மாதிரி வெளுத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அப்போதும் தொடக் கூடாது. கறி தொட்ட கையோடு அந்த ரூமுக்குள் போகக் கூடாது. கூண்டைத் திறந்ததும் நீளமான கொக்கிக் கம்பியால் உடம்பில் மெல்லத் தட்ட வேண்டும். தட்டினால் இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று அதற்குப் புரியும், தட்டாமல் திறந்தால் சாப்பாடு வருகிறது என்று பாயும். அதற்கு உதட்டோரம் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கின்றன. சூடான பொருள் எங்கே இருக்கிறது என்று அந்தக் குழிகளை வைத்தே கண்டுபிடித்துவிடும். கடித்துச் சுற்றிக்கொண்டால் இழுக்கக் கூடாது, பல் உள்வாக்கில் வளைந்திருக்கும், இழுத்தால் சதை கிழியும். வாய்மேல் சானிடைசர் அடித்தால் விடும். சுற்றை வால் நுனியிலிருந்துதான் பிரிக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். ஒன்பதாவது முடித்த கையோடு அதற்குத்தான் போனேன். ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன் கையில் வரும். ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை. நான் விட்டால் கப்பலேறிப் போய்விடும், அங்கிருந்து திரும்பி வந்தால் மொத்த லாட்டும் போச்சு. அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. அடுப்பு அணைத்தாச்சா, கார் பூட்டியாச்சா, பாஸ்போர்ட் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று நாளெல்லாம் எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பேன். பாம்புக் கூண்டின் பூட்டைத் தினமும் எத்தனை தடவை இழுத்துப் பார்க்கிறேன் என்று கேட்காதீர்கள். "அந்தப் பூட்டு தேஞ்சு போயிரும் புள்ள," என்பார் அவர். அந்தப் பூட்டையே நான் கத்திக் கத்தித்தான் வாங்க வைத்தேன். கூண்டோடு வந்தது வெறும் தாழ்ப்பாள்.

அவருக்கு எதிலும் பயமில்லை. "அதுக்கு நம்மளத் தெரியும்," என்பார். தெரியாது என்று மகள் சொன்னதை நான் எழுதி ஒட்டியிருக்கிறேன், இவர் ஒருநாளும் நின்று படித்ததில்லை. இரண்டு தடவை கழுத்தில் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். இரண்டு தடவையும் நான் போனை எடுக்காமல் வாலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். போட்டோ இல்லை என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கேட்காத இடம் இல்லை. மிருகக்காட்சி சாலையில் எடுக்க மாட்டோம் என்றார்கள். இந்த மாதிரிப் பாம்புகளை வாங்கி வைத்துக் காப்பாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறதாம், பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். எங்களைப் போல எத்தனை பேர், காலேஜுக்குப் போன பிள்ளையின் பாம்போடு! நான் பெயர் கொடுக்கச் சொன்னேன். இவர் கொடுத்தேன் என்றார். கொடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாம்பு இருந்தால் பிள்ளை வருவாள். வந்தால் பாம்பு ரூமில் இரண்டு மணி நேரம், எங்களோடு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இந்த மனுஷர் கராஜில் தனி ஃப்ரீசர் வாங்கி வைத்து அதற்குள் முயலை அடுக்கிக்கொண்டிருக்கிறார். இதைத் தெரிந்து வைத்திருப்பதால் முழுசாகச் சண்டை போடவும் முடியவில்லை. பாதிச் சண்டையிலேயே எழுந்து போய்க் கூண்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

தம்பி போன் பேசிய அன்றையிலிருந்து ஆள் தேட ஆரம்பித்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு வால் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கூட்டம் ஏதாவது ஒரு வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து, பாட்லக் என்று சேரும். அங்கே ஒவ்வொருவராகக் கேட்டேன்.

"ஏம்மா, நானே விசா எப்ப முடியும்னு பயந்து பயந்து பொழைக்கிறேன். அதுல பாம்பு வேறயா?" என்றார் ஒருவர்.

"இன்ஷூரன்ஸ்ல பாம்பு கவர் ஆகுமா, கேட்டுச் சொல்லுங்க," என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். எனக்குத் தட்டில் இருந்த பிரியாணி பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற மதுரைக்காரர் ஒருவர் மட்டும் முன்வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். "எங்க தோட்டத்துல நான் புடிக்காத பாம்பா தங்கச்சி? வால சொழட்டித் தூக்கி எறிஞ்சிருக்கேன்ல," என்றார். இதைச் சுழற்றி எறிய முடியாது அண்ணா என்று சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தார். கதவில் ஒட்டிய தாளை அவரை நிற்கவைத்துப் படிக்கச் சொன்னேன். "ஏழாம் நம்பர் என்ன?" என்று கேட்டேன். "பரீட்சையா வைக்கிறீங்க?" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் கூண்டைத் திறந்து, கொக்கியால் தட்டி, தலைப்பக்கம் தூக்கினார். பாம்பு சோம்பலாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. விரிந்த வாய்க்குள் இளஞ்சிவப்பாக, ஒரு முழு முயல் போகிற இடம் தெரிந்தது.

"பாஸ், ஒரு போன் வருது," என்றார் மதுரைக்காரர். போன் எதுவும் வரவில்லை. வெளியே கார் கிளம்புகிற சத்தம்தான் வந்தது. செருப்பு எங்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை இவர் அதை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆடி பிறந்தது. பாட்லக்கில் நான் ஆள் கேட்டது வேறு இரண்டு பேர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு ஆன்ட்டி, அவர் சிநேகிதி ஒருவர். ஆன்ட்டியின் மகளுக்கு வயது முப்பத்திரண்டு. ஜாதகத்தில் நாக தோஷம், அதனால்தான் வரன் அமையவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டெக்சாஸில் புற்றுக்கு எங்கே போவது? ஆடி வெள்ளிக்கு உங்கள் வீட்டில் வந்து பால் வைத்துக் கும்பிடட்டுமா என்று கேட்டார்.

"ஆன்ட்டி, அது நல்ல பாம்பு இல்லீங்க. படமெல்லாம் எடுக்காது. இந்தோனேஷியா பக்கத்துப் பாம்பு."

"எந்த நாடா இருந்தா என்னம்மா, நாகம் நாகந்தானே."

"பாலெல்லாம் குடிக்காதுங்க ஆன்ட்டி."

"குடிக்க வேணாம். முன்னாடி வைக்கிறோம், கும்பிடறோம், போயிடறோம்."

நான் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இவர், "வாங்க ஆன்ட்டி, ஒரு நிமிஷ வேலை, இதுல என்ன இருக்கு," என்றுவிட்டார். அவர்கள் போன பிறகு கேட்டேன், வெள்ளிக்கிழமை தீனி நாளுக்கு முந்தின நாளாச்சே, மூன்று வாரப் பசியில் இருக்குமே என்று. "கண்ணாடிக்கு வெளிய நின்னு கும்பிடப்போறாங்க. நீ எதுக்கெடுத்தாலும் பயப்படு," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் பட்டுச்சேலையில் வந்தார்கள். ஆன்ட்டி கையில் பித்தளைத் தட்டு. மஞ்சள், குங்குமம், மல்லிகை, ஒரு டம்ளர் பால், கற்பூரம். சிநேகிதி கையில் இரண்டு முட்டை. கற்பூரம் வேண்டாம், ஸ்மோக் அலாரம் கத்தும் என்றேன். ஒரே ஒரு துண்டுதாம்மா என்றார் ஆன்ட்டி. கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் லைட்டு பட்டு அவர்கள் முகமே தெரிந்தது, பாம்பு தெரியவில்லை.

"லேசாத் தொறங்க தம்பி. மூஞ்சி தெரியலையே."

என் வீட்டுக்காரர் என்னிடம் சாவி கேட்டார். நான் கொடுத்தேன். அதை இன்றைக்கும் நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன். பூட்டைக் கழற்றிக் கண்ணாடியை ஒரு முழம் தள்ளினார்.

"மாமா, கொக்கி," என்றேன். சுவரில் மாட்டியிருந்த கம்பியை எடுத்தார்.

"அது எதுக்கு?" என்றார் ஆன்ட்டி.

"தட்டோணுங்க ஆன்ட்டி. தட்டினாத்தான் இப்பச் சாப்பாடு இல்லைன்னு அதுக்குத் தெரியும்."

"சாமிய இரும்புக் கம்பியால தட்டுவீங்களா? ஆடி வெள்ளியும் அதுவுமா? வேணாம்பா, நல்லதில்ல."

இவர் என்னைப் பார்த்தார். நான் தட்டுங்கள் என்று தலையாட்டினேன். ஆன்ட்டியைப் பார்த்தார். கம்பியைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டார்.

கதவில் ஒட்டிய தாளில் நான் கற்பூரம் என்று எழுதவில்லை. மகள் அதைச் சொல்லவில்லை, அவளுக்கு அது தோன்றியிருக்காது. சூட்டை வைத்து இரை தேடுகிற பாம்புக்கு முன்னால், மூன்று வாரப் பசியில் இருக்கும்போது, கதவைத் திறந்து நெருப்பைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று எந்த ஊர்ப் புத்தகத்தில் எழுதியிருக்கப் போகிறது? ஆன்ட்டி கற்பூரத்தைக் கொளுத்தினார். முதல் சுற்று சுற்றினார். பாம்பின் தலை தட்டோடு கூடவே மெல்லத் திரும்பியது. "பாத்தியா, கும்பிடறத ஏத்துக்குது," என்றார் சிநேகிதி. அது நெருப்பைத்தான் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இவரும் பார்த்துவிட்டார். தட்டைப் பின்னால் தள்ளக் கையை நீட்டினார். இரண்டாவது சுற்று பாதியில் இருந்தது.

பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலை அடுத்த நொடி இவர் வலது முன்கையில் இருந்தது. அவ்வளவுதான் தெரியும். உடம்பு பின்னாலேயே வழிந்து வந்து கையை ஒரு சுற்று, தோளோடு இன்னொரு சுற்று. இவர் கத்தவில்லை. "புள்ள," என்று மட்டும் சொன்னார்.

சிநேகிதி முட்டையோடு ஓடிப்போய் பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அலமாரியிலிருந்து சானிடைசரை எடுத்தேன். அடிக்கப் போனால் பக்கத்திலேயே கற்பூரம் எரிகிறது. ஆன்ட்டி தட்டைப் பிடித்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சானிடைசர் முழுக்க ஆல்கஹால். அடித்தால் அவர், பாம்பு, தட்டு எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

"அணைங்க ஆன்ட்டி! ஊதுங்க!"

"வாயால ஊதக் கூடாதும்மா," என்றார். அந்த நேரத்திலும் சொன்னார்.

பால் டம்ளரைப் பிடுங்கித் தட்டில் அப்படியே கவிழ்த்தேன். நெருப்பு புஸ்ஸென்று அணைந்தது. அலாரம் கத்த ஆரம்பித்தது. பாம்பின் வாயோரம் சானிடைசரை அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. விட்டது. தலைக்குப் பின்னால் இவர் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். நான் என் இடத்துக்குப் போனேன். வால் நுனியைத் தேடிப் பிடித்தேன், சுற்றின் உள்ளே போயிருந்தது. அதை விரலால் நெம்பி எடுத்து, வந்த வழியே திருப்பிப் பிரித்தேன். நடு உடம்பை இழுத்தால் ஒரு நூல்கூட அசையாது, நுனியிலிருந்து வந்தால் பாம்புக்குப் பலம் இல்லை. தோள் சுற்று கழன்றது. கைச் சுற்று கழன்றது. மொத்தமாகக் கூண்டுக்குள் தள்ளிக் கண்ணாடியை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

பாத்ரூமில் இருந்த சிநேகிதியை வெளியே வரவைக்கவே அரை மணி நேரம் ஆனது என்று ஆன்ட்டி பின்னால் சொன்னார். நாங்கள் அதற்குள் கிளம்பிவிட்டோம். நான்தான் கார் ஓட்டினேன். இவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் தட்டச் சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்புறம் ஏன் தட்டல?"

"ஆன்ட்டி ஏதாச்சும் நெனச்சுக்குவாங்கன்னு..."

எனக்கு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபது வருஷமாக நான் சொன்னதை ஒன்றுக்கு நாலாக யோசிக்கிற மனுஷர், ஆன்ட்டி சொன்னதும் ஒரு நொடி யோசிக்கவில்லை.

ஏழு தையல். பல்லில் ஒன்று உள்ளே ஒடிந்திருந்தது, அதையும் எடுத்தார்கள். எந்த நாய் என்று நர்ஸ் கேட்டார். இவர் சொன்னதும் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து மறுபடியும் சொல்லச் சொன்னார்.

மறுநாள் ஆன்ட்டி போன் செய்தார். சாமி கோவித்துக்கொண்டது என்றார். பாலைக் கற்பூரத்தில் கொட்டியது சரியில்லை, ஒரு பரிகாரம் கேட்டு வைத்திருக்கிறேன் என்றார். நான் வைத்துவிட்டேன். பெரியவர்களிடம் அப்படிப் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

மகளுக்குச் சொன்னேன். "ஓ மை காட். ஈஸ் ஷி ஓகே?" என்றாள்.

"யாரு?"

"ஐ மீன்... போத் ஆஃப் தெம், அம்மா."

"உங்கப்பனுக்கு ஏழு தையல். உம்பாம்புக்கு ஒண்ணுமில்ல. மூணு வாரம் வந்து வாலைப் புடி, நான் என் தம்பி கல்யாணத்துக்குப் போகோணும்."

"அம்மா, ஐ ஹாவ் மை இன்டர்ன்ஷிப். ஐ கான்ட் ஜஸ்ட் லீவ்."

"அப்ப நான் மட்டும் எல்லாத்தையும் விட்டுட்டு இருக்கோணுமா? எனக்கு எதும் இல்லையா?" என்று கத்தினேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அன்றைக்கே அவளே பாம்புகளைக் காப்பாற்றுகிற அந்த இடத்துக்கு எழுதிப் பெயர் கொடுத்துவிட்டாள். இடம் வர மாசக்கணக்கில் ஆகும் என்று பதில் வந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்," என்றார் இவர், கட்டுப் போட்ட கையோடு.

"எத்தன கையில?"

கடைசியில் நானே உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மூன்று வாரத்தை ஒன்பது நாளாகக் குறைத்தேன். அம்மாவோடு இருக்க நினைத்த நாட்கள் எல்லாம் போயின. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் நீளமான இடுக்கியில் பிடித்து முயல் வைத்தோம். இரண்டு பேரும் இருந்தோம், இவர் இடது கையால். தின்றுவிட்டால் ஒன்பது நாள் அதற்கு ஒன்றும் வேண்டாம், தண்ணீர் தவிர. கூண்டின் மேல்பக்கக் காற்றோட்டத் துளைக்குள் ஒரு குழாயைச் செருகி, நேராகச் சட்டிக்கு மேலே வருகிற மாதிரி கட்டினேன். வெளியிலிருந்தே ஊற்றலாம். மூன்று தடவை ஊற்றிப் பார்த்தேன். பிறகு பூட்டைப் போட்டு, இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டுமா? என்னைய நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அப்புறம் என் பெட்டியை எடைபோடத் தூக்கிக்கொண்டு போனார், இடது கையால்.

வீடு தீப்பிடித்தால் பாம்பை எப்படி வெளியே எடுப்பது என்ற யோசனை எனக்கு விமானம் மேலே ஏறிய பிறகுதான் வந்தது. இருபது மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் எல்லோரும் இளைத்துவிட்டாய் என்றார்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. "பாம்பு வளக்கிறயாமா அம்மணி? பால் வெக்கிறீங்களா?" என்று மாமன்மார் இரண்டு பேர் கேட்டார்கள். சாப்பிட்டீர்களா மாமா என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு இணைச்சீர். டெக்சாஸில் முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. கொசுவிய கூறைச்சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். இன்னொரு முனை தம்பி கையில். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்ன வயதில் ஊஞ்சலில் தள்ளிவிடச் சொல்லும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு. அப்போது பார்த்து என் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது.

எடுக்கக் கூடாது. விட்டது. மறுபடி அதிர்ந்தது. அம்மா முறைத்தாள். "ஏம்புள்ள மூஞ்சி இப்படிப் போகுது? சிரி," என்றாள். சிரித்தேன். போட்டோக்காரர் எடுத்தார். அந்தப் போட்டோவில் பாருங்கள், பல் மட்டும்தான் சிரித்திருக்கும்.

சீர் முடிந்து சேலையை வாங்கிக்கொண்டதும் சமையல் கொட்டகைப் பக்கம் ஓடினேன்.

"என்னாச்சு மாமா?"

"ஒண்ணுமில்ல புள்ள. சட்டியக் கவுத்திருச்சு. உள்ள தண்ணியா நிக்குது. தொறந்து நிமித்தி வெச்சாத்தான்..."

"தொறக்காதீங்க."

"எப்படித் தொறக்கறது? சாவிதான் உன்ற கிட்ட இருக்குதே. அதான் கேக்கறேன், பூட்ட ஒடச்சரட்டுமான்னு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தவில் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்று கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். தனியாக அதைத் தொடக் கூடாது, ஈரத்தில் இரண்டு நாள் கிடந்தால் செத்துவிடாது, குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கீழே தேங்கினதைக் குடிக்கும், நான் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன், வந்து இரண்டு பேரும் துடைப்போம். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த சமையல்காரம்மா ஒருத்தி கரைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"சரி," என்றார் அவர். "சரி. ஊத்தறேன். கத்தாத."

"சுத்தியல எங்க வெச்சிருக்கீங்க?"

இரும்பு எதிலோ இடிக்கிற சத்தம் கேட்டது.

"மாமா. சுத்தியல்."

"கையிலதான் இருக்குது," என்றார். "கராஜ்ல கொண்டு போயி வெச்சர்றேன்."

"இப்பப் போங்க. போன வெக்காம போங்க."

அவர் நடக்கிற சத்தம் கேட்டது. கராஜ் கதவு திறக்கிற சத்தம், ஃப்ரீசர் ஓடுகிற சத்தம், சுத்தியல் பெட்டிக்குள் விழுகிற சத்தம். அங்கே மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் போனைக் காதில் வைத்தபடி, இன்னொரு கையால் இடுப்பு முடிச்சில் இரண்டு சாவியும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.